தெய்வத்துக்குத் தூக்கம் எதற்கு? சம்பளம் எதற்கு?

நம் நாட்டில் ஒருவருடைய உரிமையைப் பிடுங்க வேண்டுமானால் அவரை வையவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். தெய்வம் என்று ஒரு பட்டத்தைச் சூட்டிவிட்டால் போதும். பெண்களை வீட்டுத் தெய்வம் என்றார்கள். அவர்கள் சொத்தில் பங்கு கேட்டபோது தெய்வத்துக்குச் சொத்து எதற்கு என்றார்கள். பசுவைத் தெய்வம் என்றார்கள். பால் வற்றியதும் சந்தைத் தெருவில் சுவரொட்டி தின்ன அவிழ்த்து விட்டார்கள். இந்தப் பட்டத்தால் உண்மையில் லாபமடைந்தது கல் ஒன்றுதான். ஏனெனில் அதற்குப் பசி இல்லை, தூக்கம் இல்லை, பிள்ளை குட்டி இல்லை, வாடகை வீடும் இல்லை.

2020-ம் வருஷத்தில் கொரோனா என்னும் தொற்றுநோய் வந்தபோது இந்தப் பட்டம் டாக்டர்களுக்கும், நர்சுகளுக்கும், ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கிப் பிணம் தூக்கும் தொழிலாளிகளுக்கும் தாராளமாக வழங்கப்பட்டது. பட்டம் பெற்றவர்கள் பட்ட பாடு என்ன, அதனால் அவர்களுடைய மனத்துக்கு நேர்ந்த கேடு என்ன என்பதைப் பற்றிச் சில வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. நோய் அடங்கிப்போய் வருஷக்கணக்காகிவிட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று சிலர் கேட்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த நமக்கு அது அடங்கிவிட்டது. நோயாளியின் தலைமாட்டில் நின்றவர்களில் பலருக்கு இன்னும் அடங்கவில்லை. ஆகவேதான் எழுதுகிறோம்.

முதலில் நடந்த சங்கதியைத் தேதிவாரியாகப் பார்ப்போம். 2020 மார்ச்சு 22-ந் தேதி மாலை 5 மணிக்கு ஜனங்கள் எல்லோரும் வாசலில் நின்று கைதட்ட வேண்டும், மணி அடிக்க வேண்டும் என்று பிரதம மந்திரி கேட்டுக்கொண்டார். ஜனங்களும் கைதட்டினார்கள், தட்டு கொட்டினார்கள். கூட்டம் கூடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட ஊரடங்கு நாளிலேயே சில ஊர்களில் கூட்டமாக ஊர்வலம் போய்க் கொட்டினார்கள் என்றால் நம்மவர்களுடைய புத்தியின் அழகை என்னென்று சொல்வது! ஏப்ரல் 5-ந் தேதி இரவு 9 மணிக்கு 9 நிமிஷம் மின்சார விளக்கை அணைத்துவிட்டு அகல் ஏற்றினார்கள். மே 3-ந் தேதி இராணுவ ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகளின் மேல் பறந்து பூ மாரி பொழிந்தன.

விளக்கு ஏற்றியதற்கும் பூத் தூவியதற்கும் நடுவில் சென்னைப் பட்டணத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஏப்ரல் 13-ந் தேதி, ஆந்திர தேசத்து நெல்லூரைச் சேர்ந்த ஒரு டாக்டர் கொரோனா நோயால் சென்னையில் இறந்தார். அவர் பிரேதத்தை அம்பத்தூர் சுடுகாட்டில் எரிக்கக் கூடாது என்று அக்கம்பக்கத்து ஜனங்கள் மறித்தார்கள். அதற்கு ஆறு நாள் கழித்து, 19-ந் தேதி, மூளை நரம்பு சம்பந்தமான ரண சிகிச்சையில் பேர்பெற்ற ஒரு சென்னை டாக்டர் அதே நோயால் மாண்டார். கீழ்ப்பாக்கத்தில் புதைக்க இடம் கொடாமல் ஜனங்கள் கூடினார்கள். அங்கிருந்து அண்ணாநகர்ப் பக்கம் வேலங்காட்டு இடுகாட்டுக்குக் கொண்டு போனார்கள். அங்கேயும் கல்லாலும் தடியாலும் அடி விழுந்தது. ஆம்புலன்சு கண்ணாடி உடைந்தது. ஓட்டியவர் மண்டையும் உடைந்தது. பிரேதத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடினார்கள். பிறகு நடுநிசியில், போலீசு காவலுடன், இறந்தவருடைய தோழரான இன்னொரு டாக்டர் ஆஸ்பத்திரி வேலையாட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு மண்வெட்டியும் வெறுங்கையுமாக மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். பெண்டு பிள்ளைகள் பக்கத்தில் நின்று அழுவதற்குக்கூட வழி இல்லை.

கல்லெறிந்தவர்கள் யார்? இரண்டு வாரத்துக்கு முன் அகல் ஏற்றிய அதே கைகளாகத்தானே இருக்க வேண்டும்? புதைத்த பிணத்திலிருந்து நோய் கிளம்பி வந்து வீட்டுக் கதவைத் தட்டாது என்று சுகாதார இலாகா முன்னமேயே சொல்லியிருந்தது. ஆனால் விளக்கின் புகையில் கிருமி சாகும் என்று நம்பியவனுக்குப் பிணத்தின் காற்றில் கிருமி பறக்கும் என்று நம்புவது கஷ்டமா என்ன?

அந்தச் செய்தியை மறுநாள் பத்திரிகையில் படித்த ஒரு நர்சின் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசியுங்கள். இன்று நான் தொட்டுத் துடைக்கிற நோயாளியின் நோய் நாளைக்கு எனக்கு வரலாம். வந்தால் நான் சாகலாம். செத்தால் என்னைப் புதைக்க ஆறடி மண் கிடையாது. இந்த எண்ணத்தைத் தலையில் சுமந்துகொண்டுதான் அவள் அன்றும் வேலைக்குப் போனாள்.

அதன் பிறகு சட்டங்கள் வந்தன. 1897-ம் வருஷம் பம்பாய்ப் பிளேக்கின்போது வெள்ளைக்காரன் போட்ட தொற்றுநோய்ச் சட்டத்தில் வைத்தியம் பார்ப்பவர்களைக் காப்பாற்ற ஒரு வரிகூட இல்லாமல் 123 வருஷம் ஓடிற்று. 2020 ஏப்ரல் 22-ந் தேதிதான் அவர்களை அடித்தால் ஜெயில் என்று அவசரச் சட்டம் பிறந்தது. நான்கு நாள் கழித்து, நோயால் இறந்தவர்களைப் புதைப்பதைத் தடுத்தால் மூன்று வருஷம் வரை ஜெயில் என்று தமிழ்நாட்டு சர்க்காரும் சட்டம் செய்தது. சட்டம் நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஜெயிலுக்குப் பயந்து கல்லைக் கீழே போட்டவன் மனத்தில் இருந்ததையும் கீழே போட்டானா?

என் தெருவிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு நர்சு அம்மாள் தாயாருடன் குடியிருந்தார். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. வீட்டுக்காரர் நமக்கு வேண்டியவர். நம் கூட்டங்களுக்குக்கூட இரண்டொரு தடவை வந்திருக்கிறார். 2020 மே மாதத்தில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்கண்ணா, நீங்களே அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிப் பாருங்க, ஒரு ரெண்டு மாசம் எங்காவது போயிருக்கட்டும், குழந்தைங்க இருக்கிற வீடுங்க" என்றார். "போன மாசம் அகல் ஏற்றினீங்களே, அது யாருக்கு?" என்று கேட்டேன். "அது வேறெங்க, இது வேறெங்க" என்றார். இதைவிடத் தெளிவாகத் தேசத்தின் மனத்தை யாரும் சொல்லிவிட முடியாது. அந்த அம்மாள் தண்ணீர் பிடிக்கும் குழாயை மற்றவர்கள் தொடுவதில்லை. அவர் நடந்து போன பிறகு படிக்கட்டில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள்.

தோழர்களே! தொற்று என்பது வேறு, தீட்டு என்பது வேறு. தொற்றுக்குச் சோப்பு உண்டு, முகமூடி உண்டு, இத்தனை நாள் என்று கெடு உண்டு. கெடு முடிந்தால் மனிதன் பழையபடி மனிதன். தீட்டுக்குச் சோப்பும் இல்லை, கெடுவும் இல்லை. தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும். விஞ்ஞானம் சொன்ன தொற்றை நம்மவர்கள் காதில் வாங்கி, தங்களுக்குப் பழக்கமான தீட்டாக மாற்றிக்கொண்டார்கள். ஆயிரம் வருஷமாக ஒரு கூட்டத்தைக் குழாயடியில் தள்ளி நிறுத்திப் பழகிய கை, நர்சையும் தள்ளி நிறுத்திற்று. அதற்குமேல் ஆஸ்பத்திரியில் மலம் அள்ளி, பிணத்தைத் துணியில் சுற்றிக்கொடுத்த தொழிலாளியின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. டாக்டரைத் தள்ளிவைத்தது அந்த ஒரு வருஷத்துக்கு. அவரைத் தள்ளிவைத்தது பிறந்த நாள் முதலாக.

இது நிற்க. மனம் கெடுவது என்றால் என்ன என்று பார்ப்போம். நம் ஜனங்களுக்கு இதில் இரண்டே அபிப்பிராயந்தான்: ஒன்று காற்று கருப்பு, மற்றொன்று கோழைத்தனம். மனம் என்பது உடம்புக்கு வெளியே எங்கோ தொங்கிக்கொண்டிருக்கிற வஸ்து அல்ல. மூளையும் நரம்பும் வேலை செய்கிற விதத்துக்குத்தான் மனம் என்று பேர். கழுத்துக்குமேல் சுமையை ஏற்றினால் முதுகு ஒடிவதுபோல், தாங்க முடியாததைத் தாங்கச் சொன்னால் அதுவும் ஒடியும். இதில் பேயும் இல்லை, பாபமும் இல்லை, வெட்கப்படவும் ஒன்றும் இல்லை.

என்ன சுமை என்கிறீர்களா? தலை முதல் கால் வரை காற்றுப் புகாத உடுப்பு. போட்டால் ஆறு மணி, எட்டு மணி நேரத்துக்குக் கழற்ற முடியாது. கழற்றினால் வேறு உடுப்பு இல்லை. ஆகையால் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் வெளியே போக வேண்டுமே. மாத விடாய் நாளிலும் பெண்கள் அதற்குள்ளேயே நின்றார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் கைக்குழந்தையைத் தூக்கக் கூடாது. பல பேர் வீட்டுக்கே போகவில்லை. இதெல்லாம் உடம்புக்கு. மனத்துக்கு வந்தது இதைவிடப் பெரிது. சாகிறவனுடைய சொந்தக்காரர் ஒருவரும் பக்கத்தில் வர முடியாது. நர்சுதான் டெலிபோனைச் சாகிறவன் காதோரம் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தில் பெண்டாட்டி அழுவதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அது முடிந்தால் அடுத்த கட்டில், அடுத்த டெலிபோன்.

இன்னொன்று இருக்கிறது, அதை வெளியே சொல்லவே அவர்கள் கூசுகிறார்கள். இருக்கிற கட்டில் ஒன்று, வந்து நிற்கிற நோயாளி ஐந்து பேர் என்றால், யாருக்குக் கட்டில் என்று தீர்மானிப்பது யார்? மந்திரியா? கலெக்டரா? முப்பது வயதுகூட ஆகாத பயிற்சி டாக்டர். கட்டிலும் ஆளும் வேண்டிய அளவுக்கு இல்லாமல் வைத்தவர்கள் யாரோ. நாலு பேரைத் திருப்பி அனுப்பிய பழியைத் தன் நெஞ்சில் சுமப்பவர் இவர். தன் மனச்சாட்சிக்கு விரோதமான காரியத்தை ஒருவன் செய்யும்படி ஆகும்போது உண்டாகிற காயத்தைப் பற்றி அமெரிக்காவில் வியட்னாம் யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களை வைத்து ஆராய்ந்து, அதற்கு மனச்சாட்சிக் காயம் என்ற அர்த்தத்தில் பேரும் வைத்திருக்கிறார்கள். யுத்தத்துக்கே போகாத நம் பிள்ளைகளுக்கு அது ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்தது.

2021 ஏப்ரலில் டில்லி ஆஸ்பத்திரிகள் இன்னும் இத்தனை மணி நேரத்துக்குத்தான் ஆக்ஸிஜன் இருக்கிறது என்று உலகத்துக்குக் கேட்கக் கதறின. நோயாளிகள் மூச்சு முட்டி மாண்டதைக் கண்ணால் கண்ட டாக்டர்கள் பத்திரிகைக்காரர் முன் அழுதார்கள். மூன்று மாதம் கழித்து, ஜூலை 20-ந் தேதி, ஆக்ஸிஜன் இல்லாமையால் இறந்தவர்கள் என்று மாநிலங்கள் குறிப்பாக யாரையும் தெரிவிக்கவில்லை என்று ராஜ்யசபையில் சர்க்கார் பதில் சொல்லிற்று. காகிதப்படி அந்தப் பதில் சரியாகவே இருக்கட்டும். கண்டவன் கதி என்ன? உன் கண்முன் நடந்தது நடக்கவே இல்லை என்று ஒருவனிடம் சொல்வதைவிட அவனுக்குப் பைத்தியம் பிடிக்க வைக்க வேறு சுலபமான வழி இருக்கிறதா என்று கேட்கிறோம்.

இதெல்லாம் கற்பனை, நாலு பேர் கதையை வைத்து எழுதுகிறாய் என்பவர்களுக்குக் கணக்கும் சொல்கிறோம். 2020 ஜனவரி கடைசியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் சீன தேசத்தில் 34 ஆஸ்பத்திரிகளில் வேலை செய்த 1,257 டாக்டர்களையும் நர்சுகளையும் கேட்டார்கள். நூற்றுக்கு 50 பேருக்கு மனச்சோர்வின் அறிகுறி. ஏறக்குறைய 45 பேருக்குப் பதைப்பு. 34 பேருக்குத் தூக்கமின்மை. 71 பேருக்கு நடந்ததை மறக்க முடியாத வேதனை. நர்சுகளுக்கும், பெண்களுக்கும், நோயாளியை நேரே தொட்டவர்களுக்கும் அதிகம். அது அந்தச் சமயத்துக் கலக்கம், தானாகவே ஆறிவிடும் என்பீர்கள். அதற்கும் பதில் உண்டு. 2003-ல் சார்ஸ் என்னும் நோய் கனடாவில் டொரொண்டோ நகரத்துக்கு வந்தது. அது போய் ஒரு வருஷத்துக்கு மேல் இரண்டு வருஷம் வரையில் கழிந்தபின், அங்கே சார்ஸ் நோயாளிகளைப் பார்த்த ஆஸ்பத்திரிக்காரர்களையும், பக்கத்து ஹாமில்டன் ஊரில் அந்நோயைப் பாராத ஆஸ்பத்திரிக்காரர்களையும் ஒப்பிட்டார்கள். டொரொண்டோக்காரர்களுக்கு அப்போதும் சலிப்பும் வேதனையும் அதிகமாக இருந்தன. நோயாளி முகத்தைப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டவர்களும் அவர்களில் அதிகம். அதே ஆராய்ச்சியில் தெரிந்த மற்றொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். போதிய பயிற்சியும், பாதுகாப்பும், ஆதரவும் தங்களுக்குக் கிடைத்தன என்று சொன்னவர்களுக்குக் கேடு குறைவாக இருந்தது. பூ மாரி பெய்ததால் குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை.

படித்த தேசங்களில் மாத்திரம் இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்றால், அங்கேயும் வெட்கம் மனிதனைக் கொல்லத்தான் செய்கிறது. நியூயார்க்கில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தலைவராக இருந்த லோர்னா ப்ரீன் என்ற பெண் டாக்டர், 49 வயது, தானும் கொரோனாவில் விழுந்து எழுந்து, மறுபடி வேலைக்குப் போனார். 2020 ஏப்ரல் 26-ந் தேதி தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். மன வைத்தியம் பார்த்துக்கொண்டது வெளியே தெரிந்தால் தொழில் லைசென்சு போய்விடுமோ என்று அவர் பயந்தார் என்று குடும்பத்தார் சொன்னார்கள். வைத்தியம் செய்பவர் வைத்தியம் செய்துகொள்ளப் பயப்படுவதா! ஆனால் அந்தக் குடும்பத்தார் வாயை மூடிக்கொண்டு திதி கொடுத்து முடித்துவிடவில்லை. ஊர் அறியப் பேசினார்கள். 2022 மார்ச்சு 18-ந் தேதி, வைத்தியத் தொழிலாளருடைய மன நலத்துக்காக அந்த அம்மாள் பேராலேயே ஒரு சட்டம் அமெரிக்காவில் கையெழுத்தாயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். நோயையும் நம்மவர்கள் தெய்வமாக்கிவிட்டார்கள் என்பதை மறக்கக் கூடாது. 2021 மே மாதத்தில் கோயமுத்தூர்ப் பக்கத்தில் கொரோனா தேவி என்று சிலை வைத்து 48 நாள் யாகம் ஆரம்பித்தார்கள். கொல்கிறதும் தெய்வம், காப்பாற்றுகிறவரும் தெய்வம் என்றால், நடுவில் கேள்வி கேட்க மனிதர் ஒருவரும் மிஞ்ச மாட்டார் அல்லவா? பூஜை செய்கிறவனுக்கும் சர்க்காருக்கும் இதைவிடச் சௌகரியம் என்ன வேண்டும்? தெய்வம் கூலி உயர்வு கேட்காது. தெய்வத்துக்கு மாற்று ஆள் போட வேண்டாம். தெய்வம் செத்தால் கணக்கில் எழுத வேண்டாம்.

கணக்கில் எழுதவில்லை என்பதும் நான் சொல்வதல்ல. 2020 செப்டம்பரில் பார்லிமெண்டில் கேட்டபோது, நோயால் இறந்த வைத்தியத் தொழிலாளருடைய கணக்கு மத்திய சர்க்காரிடம் இல்லை, சுகாதாரம் மாநிலங்களின் விஷயம் என்று பதில் வந்தது. இந்திய மருத்துவ சங்கம் கோபித்துக்கொண்டு 382 டாக்டர்களுடைய பேர்களைப் பட்டியலாக வெளியிட்டது. டாக்டர்களுக்காவது பட்டியல் போடச் சங்கம் இருந்தது. கூட்டுபவருக்கும், ஆம்புலன்சு ஓட்டியவருக்கும் யார் போட்டார்கள்? உலகம் முழுவதும் 2020 ஜனவரி முதல் 2021 மே வரை மாண்ட வைத்தியத் தொழிலாளர் 80,000 முதல் 1,80,000 வரை இருக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்புப் போட்டது. ஒரு லட்சம் உயிருக்கு வித்தியாசம் வருகிற மதிப்பு! எண்ணத் தகுந்தவர்களாக அவர்களை நினைத்திருந்தால் இவ்வளவு வித்தியாசம் வருமா?

கூலி சங்கதி இதைவிட வெட்கக்கேடு. வடக்கே கிராமம் கிராமமாக வீடு வீடாகப் போய் நோயாளியைத் தேடிய ஆஷா என்னும் பெண்கள் லட்சக்கணக்கானவர்கள். அவர்களுக்குத் தொண்டர்கள் என்று பேர். தொண்டருக்குச் சம்பளம் இல்லை, ஊக்கத் தொகைதான். கொரோனா வேலைக்கு மத்திய சர்க்கார் மாதம் 1,000 ரூபாய் அதிகம் தந்தது. நாள் ஒன்றுக்கு எவ்வளவு என்று கூட்டிக் கழித்துப் பாருங்கள். 2020 ஆகஸ்டில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022 மே மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் அவர்களுக்கு விருது கொடுத்தது, எல்லோரும் வாழ்த்தினார்கள். நம் தமிழ்நாட்டிலும் யோக்கியதை பெரிதாக இல்லை. நோய்க் காலத்தில் தற்காலிகமாக எடுத்த நர்சுகளில் இரண்டாயிரம் பேருக்கு மேல் 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு வேலை இல்லை என்று அனுப்பப்பட்டார்கள். புது வருஷப் பிறப்பில் அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். வேறு வழியில் வேலை தருவதாக அப்புறம் சொல்லப்பட்டது. வேலை நிலைக்குமா என்று தெரியாதவள் ராத்திரி எப்படித் தூங்குவாள்? அவளுக்கு வந்தது மன நோயா, வயிற்று நோயா?

இதற்குப் பெரியவர்கள் சொல்லும் மருந்து தியானம், மூச்சுப் பயிற்சி, பிரார்த்தனை. மூச்சுப் பயிற்சியால் கெடுதல் இல்லை, செய்கிறவர்கள் செய்யட்டும். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை செய்தவளிடம் போய், இன்னும் அரை மணி கண்ணை மூடி உட்கார் என்பதற்குமுன், அவளுக்குப் பதில் ஆள் போட்டாயா என்று கேட்கத் தோன்ற வேண்டாமா? 2022 அக்டோபரில் சர்க்கார் 14416 என்று மன ஆலோசனைக்கு ஒரு டெலிபோன் வைத்தார்கள். நல்ல காரியம், வேண்டியவர்கள் கூசாமல் உபயோகப்படுத்திக்கொள்ள வேண்டும். ஆயினும் டெலிபோன் வேலை நேரத்தைக் குறைக்காது. பாக்கிச் சம்பளத்தையும் கொண்டு வந்து கொடுக்காது. இத்தனை கட்டிலுக்கு இத்தனை நர்சு, இத்தனை மணிக்கு மேல் வேலை இல்லை, இரவு வேலைக்கு மறுநாள் ஓய்வு, மன வைத்தியரைப் பார்த்தவரை வேலையிலிருந்து தள்ளுவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எத்தனை நர்சு இடம் காலியாக இருக்கிறது என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்துகொண்டு வந்து பதில் சொல்லச் சொல்லுங்கள்.

முன்னே சொன்ன நர்சு அம்மாளை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்த்தி வீட்டுக்காரரிடம் நானும் இரண்டு தோழர்களும் சண்டை போட்டோம். அவர் மசியவில்லை; அந்த அம்மாள் நம்மால் ஒருவருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று ஊரின் மறு கோடிக்குப் போய்விட்டார். அடுத்த வருஷம் இரண்டாவது அலையும் அடித்து ஓய்ந்த பிறகு அவரைப் பார்த்தேன். முழங்கையில் கறுப்புக் கயிறும் தாயத்தும். "ஆத்தா கட்டிவிட்டதுங்கண்ணா. ராத்திரியிலே அந்த மிஷின் சத்தம் காதிலே கேட்டுக்கிட்டே இருக்குது, எழுந்து உட்கார்ந்துக்கறேன். ஆஸ்பத்திரியிலே செத்தவங்க பின்னாலே வந்துட்டாங்கன்னு கோடாங்கி சொல்லறான்" என்றார். கோடாங்கிக்கு இரண்டாயிரம் ரூபாயும் ஒரு கோழியும் போயிருந்தன. சலித்துப்போன மூளை கேட்ட சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது, இதற்கு வைத்தியர் இருக்கிறார், மருந்து இருக்கிறது என்று நானும் என் பெண்சாதியும் பல நாள் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார். ஆனால் எங்கள் ஊரில் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்றார்; ஆஸ்பத்திரியில் தெரிந்தால் பைத்தியம் என்று வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள், கலியாணமும் ஆகாது. ஆகவே மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வேறு ஜில்லாவுக்குப் போய் வருகிறார். இப்போது தூக்கம் வருகிறது. பக்கத்து வீட்டார் எங்கே போகிறாய் என்று கேட்டால் சர்க்கரைக்கு மருந்து வாங்க என்று சொல்லிவிடுகிறாராம்.